லோரியாக்கள் வேலைக்குப் போன பிறகு

மொரிசியஸில் எச்.எஸ்.சி. என்ற பள்ளி இறுதித் தேர்வின் முடிவு வரும் நாளில் கல்லூரி வாசல்களைப் பார்க்க வேண்டும். அரசு உதவித்தொகை வாங்கிய பிள்ளையை (லோரியா என்பார்கள்) தோளில் தூக்கி ஆட்டம் போடுவார்கள். மறுநாள் பத்திரிகையில் படம். அந்த லோரியா நாற்பது வயதில் என்ன செய்கிறார் என்று படம் போட யாரும் வருவதில்லை.

அமெரிக்காவில் இதைப் பொறுமையாகப் பார்த்திருக்கிறார்கள். உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921-ல் கலிபோர்னியாவில் ஐ.க்யூ. மிக அதிகமான சுமார் 1,500 பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்துத் தொடர ஆரம்பித்தார். பெரும்பாலோர் நன்றாகவே வாழ்ந்தார்கள். நோபல் பரிசு மட்டும் ஒருவருக்கும் வரவில்லை. மதிப்பெண் போதாமல் டெர்மன் கழித்துவிட்ட ஷாக்லி 1956-லும் ஆல்வாரெஸ் 1968-லும் இயற்பியலுக்கு வாங்கினார்கள்!

பிற்பாடு தம் ஆட்களிலேயே மிக முன்னேறிய 150 ஆண்களையும், அவ்வளவாக முன்னேறாத 150 பேரையும் டெர்மன் ஒப்பிட்டார். ஐ.க்யூ.வில் பெரிய வித்தியாசமில்லை. விடாப்பிடியிலும் தன்னம்பிக்கையிலும்தான் இருந்தது. குடும்பப் பின்னணிக்கும் பங்குண்டு.

காரணம் ஓரளவு கணக்குதான். எல்லா மட்டத்துப் பிள்ளைகளும் கலந்திருந்தால், யார் மேலே வருவார் என்று மதிப்பெண் நன்றாகவே சொல்லும். முதல் ரேங்க்கையும் பத்தாம் ரேங்க்கையும் மட்டும் நிறுத்தினால், நடுவிலுள்ள இடைவெளியில் அன்றைய தலைவலியும் சேர்ந்திருக்கும். அதற்காக மதிப்பெண்ணைச் செல்லாக்காசு என்றும் சொல்ல முடியாது. ஜூலியன் ஸ்டான்லி 1971-ல் தொடங்கிய ஆய்வில், 13 வயதுக்குள் மிகக் கடினமான கணிதத் தேர்வில் அசத்தியவர்களுக்குள்ளேயே, உச்சத்தில் இருந்தவர்கள் பிற்காலத்தில் அதிகக் காப்புரிமைகளும் முனைவர் பட்டங்களும் பெற்றார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்போமே (கரும்புத் தீவில் இதைச் சொல்லத் துணிச்சல் வேண்டும்), அதை உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் 1980-களில் அளந்தே காட்டினார். ஒரே திறமையுள்ள இரு மாணவர்களில், கெட்டிக்காரர்கள் நிறைந்த வகுப்பில் இருப்பவர் தன்னைக் குறைவாக மதிப்பிடுகிறார். மனம் பக்கத்து பெஞ்சை வைத்தே தன்னை அளக்கிறது. இங்கே க்யூர்பிப் நகரில் முதலாவதாக வந்தவர் லண்டனில் முப்பதாவதாக உட்காரும்போது நடப்பது இதுதான். அறிவு அப்படியே இருக்கிறது, துணிவு குறைகிறது; பெரிய வேலைக்கு விண்ணப்பிக்கவே கை தயங்குகிறது.

இல்லினாய்ஸில் 1981-ல் பள்ளியில் முதன்மையாக வந்த 81 பேரை கேரன் ஆர்னால்ட் தொடர்ந்தார். கல்லூரியில் பெண்கள் ஆண்களுக்குச் சளைக்காமல் மதிப்பெண் வாங்கினார்கள். இருந்தும் தங்கள் அறிவைப் பற்றிய மதிப்பீடு பெண்களிடம்தான் சரிந்தது. துறையின் உள்விஷயம் சொல்லித்தர ஒரு மூத்தவர் கிடைத்தவர்களுக்கு வேலைப் பாதை எளிதானது.

நம் உதவித்தொகை வெளிநாட்டுக் கல்விக் கட்டணத்தைப் பார்த்துக்கொள்கிறது. சரி, அதே துறையில் ஏற்கெனவே அங்கே வேலை பார்க்கும் பழைய லோரியா ஒருவரின் போன் நம்பரையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன?