விளாம்பழத்துக்கு எதற்கு ‘மர ஆப்பிள்’?

போன வாரம் ஒரு சிறுவர் படக்கதையின் தமிழாக்கத்தைப் புரட்டினேன். சாம்பல் நிற ஓடு போட்ட உருண்டைப் பழத்தை யானை மிதித்து உடைக்கிறது. பார்த்ததுமே தெரிகிறது விளாம்பழம் என்று, கீழே ‘மர ஆப்பிள்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். முன்பு ஓர் ஆவணப்படத்தின் தமிழ்க் குரலில் இதே பெயரைக் கேட்டபோதே எரிச்சலாக இருந்தது, இப்போது குழந்தைகள் புத்தகத்திலுமா?

மரத்தின் பெயர் விளா. விளவு, வெள்ளில் என்பவை பழைய பெயர்கள், ஈழத்தில் விளாத்தி என்பார்கள். மரப்பெயருக்குப் பின் மெல்லெழுத்து மிகும் என்பது தொல்காப்பிய விதி, அதன்படி விளாங்காய், விளாம்பழம். வடமொழியில் கபித்தம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஆங்கிலத்தில் விளாம்பழத்தை ‘வுட் ஆப்பிள்’ என்றது அதன் ஓட்டின் தன்மையை வைத்து. அங்கே வுட் என்றால் கட்டை, கட்டைபோல் இறுகிய ஓடு. அதை ‘மர’ என்று மாற்றினால் படிக்கிறவருக்கு மரத்தில் காய்க்கிற ஆப்பிள் என்றுதான் தோன்றும், மரத்தில் காய்க்காத ஆப்பிள் ஏது? ஆப்பிளுக்கும் இதற்கும் உறவும் கிடையாது. ஆப்பிள் ரோஜாக் குடும்பம். விளா எலுமிச்சை, வில்வம், கறிவேப்பிலை வகையறா, இலையைக் கசக்கினால் சோம்பு வாசம் வரும்.

பிள்ளைகளுக்கு ஆப்பிள்தானே தெரியும் என்று ஒரு நண்பர் சமாதானம் சொன்னார். ஒரு பழத்தைத் தரையில் அடித்து உடைத்து, பழுப்பு நிறச் சதையில் வெல்லத்தைப் போட்டுப் பிசைந்து கொடுங்கள், அந்தப் புளிப்போடு பெயரும் மனதில் நின்றுவிடும். தெரியாத பழத்துக்குத் தெரிந்த பழத்தின் பெயரை ஒட்டினால் பிள்ளைக்கு இரண்டுமே குழம்பும்.

நற்றிணையின் 12ஆம் பாட்டு ‘விளம்பழம் கமழும்’ என்றுதான் தொடங்குகிறது, தயிர் கடையும் பானையில் வீசும் மணம் அது. அவ்வளவு காலமாகப் புழங்கும் சொல் கையில் இருக்கும்போது அகராதியில் வுட் ஒரு பக்கம், ஆப்பிள் ஒரு பக்கம் என்று தேடி ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அப்புறம் இன்னொன்று. ‘எலிஃபன்ட் ஆப்பிள்’ என்று ஆங்கிலத்தில் விளாவையும் சொல்வார்கள், உவா என்ற வேறொரு மரத்தின் பழத்தையும் சொல்வார்கள். வில்வத்தைக்கூட ‘வுட் ஆப்பிள்’ என்று எழுதுபவர்கள் உண்டு. அதனால் படத்தைப் பாருங்கள். ஓடு சொரசொரப்பாக, வெளிறிய சாம்பல் நிறத்தில் இருந்து உள்ளே பழுப்புச் சதை இருந்தால் விளா. வழவழப்பான ஓடும் மஞ்சள் சதையும் என்றால் வில்வம்.