திரள்நீர்: வீழ்படிவு அல்ல

'பிரெசிபிடபிள் வாட்டர்' என்பதை 'வீழ்படிவு நீர்' என்று எழுதுவதை இனியாவது நிறுத்த வேண்டும். காணொளிகளில் கேட்டுச் சலித்தது போதாதென்று, நாகர்கோவிலில் ஒரு பள்ளிக் கண்காட்சியிலும் செவ்வாய்க் கோளின் படத்துக்குக் கீழே அதையே எழுதி வைத்திருந்தார்கள்.

பொருள் எளிது. தரையிலிருந்து காற்றுமண்டலத்தின் உச்சி வரை உள்ள நீராவி முழுவதையும் நீராக்கித் தரையில் பரப்பினால் எவ்வளவு உயரம் நிற்கும்? பூமியில் சராசரியாக 25 மில்லிமீட்டர். செவ்வாயில் 10 மைக்ரான் அளவு; மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் கனம்கூட இல்லை. கோளில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியில் நீராவி விழுங்கிய அலைநீளங்கள் நிறமாலையில் கருங்கோடுகளாகத் தெரியும். கோடு எவ்வளவு ஆழம் என்பதை வைத்துக் கணக்கிடுவார்கள். நம் காற்றிலுள்ள ஆவியும் அதே கோட்டைப் போடும், அதுதான் தொல்லை. 1963-இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் எடுத்த நிறமாலையில், செவ்வாய் நகரும் வேகத்தால் அதன் கோடு சற்று விலகி விழுந்ததை வைத்து இரண்டையும் பிரித்தறிந்தார்கள்.

'பிரெசிபிடபிள்' என்ற சொல்லின் வேர் லத்தீன், தலைகுப்புற விழுதல். விழுவதுதானே, வீழ்படிவு என்றால் என்ன தப்பு என்பார்கள். அது வேதியியலுக்குப் பட்டா போட்ட சொல். உப்புக் கரைசலில் வெள்ளி நைட்ரேட்டை விட்டதும் தயிர் மாதிரி வெள்ளையாக இறங்குகிறதே, அதுதான் வீழ்படிவு. செவ்வாயின் ஆவியோ இன்னும் விழவுமில்லை, படியவுமில்லை. கண்காட்சியில் ஒரு பிள்ளை கேட்டேவிட்டாள்: "அப்பம் அங்க கசடு கெடக்கா சார்?" அவளைக் குறை சொல்ல முடியுமா?

'மழையாகக்கூடிய நீர்' கொஞ்சம் தேவலை. ஆனால் இன்றைய செவ்வாயில் மழை ஏது? 'ஈரப்பதம்' சுத்தமாக வேறு. காற்று தாங்கக்கூடியதில் எத்தனை பங்கு என்ற விகிதம் அது. செவ்வாயின் கடுங்குளிர் இரவில் அது நூறு விழுக்காட்டைக்கூட நெருங்கும், ஆவியோ சொற்பம்தான். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. தனித்தமிழாக இருந்துவிட்டால் போதுமாம்!

என் ஓட்டு 'திரள்நீர்' என்பதற்கு. மேகம் திரள்கிறது, வெண்ணெய் திரள்கிறது. கலந்து மறைந்து கிடப்பது ஒன்றுகூடிக் கண்ணுக்குத் தெரிவது. மழை பெய்யாத கோளுக்கும் இடிக்காது. அளவும் நமக்குப் புதிதில்லை. பேச்சிப்பாறையிலும் பெருஞ்சாணியிலும் எத்தனை மில்லிமீட்டர் மழை என்று நாளிதழில் பார்க்கிறவர்கள்தானே நாம்? 1970-களில் நாசாவின் வைக்கிங் சுற்றுக்கலங்கள் செவ்வாயின் வடதுருவக் கோடையில் கண்ட உச்சம், திரள்நீர் சுமார் 100 மைக்ரான். எழுதிப் பாருங்கள், எங்கே இடறுகிறது?