செலுத்துதிறன்: 'பரிமாற்ற சக்தி' எங்கிருந்து வந்தது?

குறுந்தொலைவுக் கம்பியில்லா மாட்யூல் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் டிரான்ஸ்மிட் பவரை, அதாவது மாட்யூல் ரேடியோ அலையை எத்தனை வாட்டில் அனுப்புகிறது என்பதை, 'பரிமாற்ற சக்தி' என்று எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். நடுவில் விழுங்கிய 'ச்' போகட்டும். விழுங்கிய பொருளை என்ன செய்வது? சரியான சொல் செலுத்துதிறன்.

டிரான்ஸ்மிட் இலத்தீனிலிருந்து வந்தது: 'அப்பால்', 'அனுப்பு' என்ற இரண்டின் கூட்டு. அதாவது ஒருவழிச் செயல். பரிமாற்றமோ கொடுத்து வாங்குவது. இங்கே ஏற்பி (ரிசீவர்) தான் வாங்கிய திறனில் எதையும் திருப்பிக் கொடுப்பதில்லை.

'சக்தி'தான் பெரிய தொல்லை. விசை, ஆற்றல், திறன் என்று பள்ளி இயற்பியல் பிரித்துவைத்த மூன்றையும் அது ஒன்றாகக் குழைத்துவிடுகிறது. கம்பியில்லாமல் தரவு அனுப்பும் என்ஆர்எஃப்24எல்01+ சில்லை எடுத்துக்கொள்ளுங்கள். செலுத்துதிறனை 0, -6, -12, -18 டிபிஎம் என நான்கு படிகளில் வைக்கலாம். டிபிஎம் என்பது திறனை 1 மில்லிவாட்டோடு ஒப்பிடும் மடக்கை அளவு; 0 டிபிஎம் என்றால் 1 மில்லிவாட். திறனை 0 டிபிஎம்மிலேயே வைத்துவிட்டு, வேகத்தை மட்டும் 2 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 250 கேபிபிஎஸ்ஸுக்குக் குறைத்தால், 32 பைட் தரவு காற்றில் இருக்கும் நேரம் 128 மைக்ரோநொடியிலிருந்து 1,024 ஆகிறது. திறன் மாறவில்லை; செலவான ஆற்றல் எட்டு மடங்கு. 'சக்தி மாறவில்லை, சக்தி எட்டு மடங்கானது' என்று எழுதினால் பேட்டரி கணக்கிடுகிறவர் என்ன செய்வார்? 'குதிரைசக்தி' என்பாரும் உண்டுதான். ஆனாலும் பம்புசெட் வாங்கும் விவசாயிக்குக் குதிரைத்திறன் புரியாமல் போனதில்லை.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் 'கடத்துதிறன்' என்கிறார்கள். கடத்தி என்பது செம்புக் கம்பி. கடத்தல் என்றாலோ காவல் நிலையம் நினைவுக்கு வருகிறது. 'பரப்புதிறன்' இன்னும் மோசம். ஆன்டெனாவிலிருந்து பரவுவது வேறு கணக்கு. இந்தியாவில் 865–868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குச் செலுத்துதிறன் வரம்பு 1 வாட், ஆன்டெனா பெருக்கமும் சேர்ந்த பயனுறு கதிர்வீச்சுத் திறன் வரம்பு 4 வாட். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் எந்த எண்ணை மாட்யூலில் பதிவது?

எச்.சி.-12 (HC-12) என்ற கம்பியில்லா மாட்யூலில் செட் முனையைத் தரை (கிரவுண்டு) முனையோடு இணைத்து, 'ஏடி+பி4' என்ற கட்டளையை அனுப்பினால் 8 டிபிஎம்; 'ஏடி+பி8' என்றால் 20. எண் இரட்டித்ததால் திறனும் இரட்டித்தது என்று நினைக்க வேண்டாம்: சுமார் 6.3 மில்லிவாட் 100 ஆகியிருக்கிறது. மேசைமேல் இரண்டு மாட்யூலை அருகருகே வைத்து உச்சத் திறனில் சோதித்தால் ஏற்பி திணறும், பொட்டலம் (ஒரு தடவையில் அனுப்பும் தரவுத் துண்டு) தொலையும். பெருக்கி வைத்த என்ஆர்எஃப் மாட்யூலை ஆர்டுயினோ என்ற நுண்கட்டுப்படுத்திப் பலகையின் 3.3 வோல்ட் முனையில் மாட்டினால் அனுப்பும் கணத்தில் மின்னழுத்தம் சரியும். மின்வழங்கு முனைகளுக்குக் குறுக்கே 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வையுங்கள்.

பொட்டலம் என்றேன். 1960களில் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் டொனால்ட் டேவிஸ் 'பாக்கெட்' என்ற சொல்லைத் தேர்ந்தபோது, பிற மொழிகளில் இணைச்சொல் உண்டா என்று மொழியறிஞரிடம் கேட்டுக்கொண்டார். நமக்கு அது மளிகைக் கடையிலேயே இருக்கிறது. 'சிப்பம்' வேண்டாம், அரிசிச் சிப்பம் 25 கிலோ, இங்கே இருப்பது 32 பைட்.

எந்தப் பொட்டலம் முதலில் போகும் என்பதைச் சொல்லும் பிரையாரிட்டியை 'முக்கியத்துவம்' என்பதும் பிழை, அது முன்னுரிமை. வைஃபையில் குரல் பொட்டலம் முந்துவதற்குக் காரணம் அதன் காத்திருப்பு குறைவு என்பதே: ஊடகம் ஓய்ந்தபின் அது குறைந்தது 2 நேரத் துண்டு (ஸ்லாட்) காத்திருக்கும், பின்னணிப் பொட்டலம் 7. முன்னுரிமையைக் கூட்டினால் அலை கூடுதல் தூரம் போகாது. அது செலுத்துதிறனின் வேலை. எண்ணையும் பார்த்துப் பதியுங்கள். வைஃபையில் முன்னுரிமை 1 என்பது பின்னணி வரிசை, 0-வுக்கும் கீழே. வாகனங்கள் தமக்குள் பேசும் எல்டிஇ வி2எக்ஸ் மாட்யூலில் பொட்டல முன்னுரிமை 1 முதல் 8 வரை. அங்கே 1-தான் எல்லாவற்றுக்கும் முன்னால் போகும்.