ஸ்பான்சர்டு ரிசர்ச்: புரவலரா, நிதியளிப்பவரா?

கம்பெனி பணம் கொடுக்க, பல்கலைக்கழகம் செய்யும் ஆய்வுக்கு ஸ்பான்சர்டு ரிசர்ச் என்று பெயர். ஸ்பான்சர் என்ற சொல்லின் வேர் ‘ஸ்பொந்தேரே’ என்ற இலத்தீன் வினை. முறைப்படி உறுதி கொடுத்தல் என்பது அதன் பொருள். ரோமானியர் வழக்கில் ஒருவர் “ஸ்பொந்தேஸ்னே?” (உறுதி தருகிறாயா?) என்று கேட்க, மற்றவர் “ஸ்பொந்தேயோ” என்று வாயால் சொல்லிவிட்டாலே கடப்பாடு பிறந்துவிடும். பிறர் கடனுக்குப் பிணை நின்றவர்தான் ஸ்பான்சர். ஆங்கிலத்தில் அது முதலில் ஞானப் பெற்றோரைக் குறித்தது. நிகழ்ச்சிக்குப் பணம் கட்டும் கம்பெனி என்ற பொருள் 20ஆம் நூற்றாண்டு அமெரிக்க வானொலி கொடுத்தது.

தமிழில் இதற்குப் ‘புரவலர்’ என்று எழுதுவோர் உண்டு. புரத்தல் என்றால் காத்தல். சங்கப் பாடல்களில் புரவலனுக்கு எதிரே நிற்பவன் இரவலன். விழா மலருக்கு அந்தச் சொல் பொருந்தும், ஆய்வு ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது: கம்பெனி கொடை கொடுக்கவில்லை, பேராசிரியரும் இரந்து நிற்கவில்லை. ‘பிணையாளர்’ வேருக்கு நெருக்கம்தான், ஆனால் படிப்பவருக்கு வங்கிக் கடன் நினைவுக்கு வரும். ஆகவே ‘நிதியளிப்பவர்’, ‘நிதியளிப்பு ஆய்வு ஒப்பந்தம்’ என்று எழுதுவதே நல்லது. அழகு குறைவு, குழப்பமும் குறைவு.

சென்னை ஐ.ஐ.டி.யில் இதைக் கவனிக்கும் அலுவலகத்தின் பெயரிலேயே கன்சல்டன்சி ஒன்று, ஸ்பான்சர்டு ரிசர்ச் இன்னொன்று. கன்சல்டன்சியில் கம்பெனி கேட்பது நிபுணரின் கருத்து. கட்டணம் கட்டி அறிக்கையை வாங்கிக்கொள்கிறது. நிதியளிப்பு ஆய்வில் விடை யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அங்கே பல்கலைக்கழகம் உறுதி தர வேண்டியது உழைப்புக்கும் அறிக்கைக்கும்தான், வெற்றிக்கு அல்ல. “செயல்திறன் 15 விழுக்காடு கூடினால் இரண்டாம் தவணை” என்ற வரியை ஏற்றால், சோதனை தோற்ற மாதமே ஆய்வு மாணவரின் உதவித்தொகை நின்றுபோகும். தவணையை இடைக்கால அறிக்கை தரும் தேதியோடு கட்டுங்கள். முதல் தவணை வேலை தொடங்கும் முன்பே வர வேண்டும். மேடையில் கைகுலுக்கிக் கையெழுத்தாகும் புரிந்துணர்வு ஒப்பந்தம் வேறு. அதில் பெரும்பாலும் ஒரு ரூபாய்க்கும் உறுதி இருக்காது.

‘நல்கை’ (கிராண்ட்) என்ற சொல்லுக்கு வரிக் கணக்கில் எடை உண்டு. சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகங்களும், 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 35ஆம் பிரிவில் அறிவிக்கப்பட்ட நிறுவனங்களும் அரசு அல்லது தனியார் நல்கையைக் கொண்டு செய்யும் ஆய்வுப் பணிக்கு 2024 அக்டோபர் 10 முதல் ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது. கன்சல்டன்சிக்கு 18 விழுக்காடு. தலைப்பில் மட்டும் நல்கை என்று போட்டுவிட்டு உள்ளே கட்டணம், விலைப்பட்டியல் என்று எழுதினால் தணிக்கையில் கேள்வி வரும்.

தொகையிலும் இதே கதை. “40 லட்சம் தருகிறோம்” என்பது வரி, மேல்செலவு (பல்கலைக்கழகம் தன் பொதுச் செலவுக்கு எடுத்துக்கொள்ளும் பங்கு) எல்லாம் சேர்த்தா, சேர்க்காமலா? விலக்கு இல்லாத பணியில் 18 விழுக்காடு வரியும், நேரடிச் செலவின் மீது 20 விழுக்காடு மேல்செலவும் அதற்குள்ளேயே அடக்கம் என்றால் ஆய்வகத்துக்கு மிஞ்சுவது சுமார் 28.25 லட்சம். ஒரு கருவியும் ஓர் ஆய்வாளர் பணியிடமும் இந்த இடைவெளியில் காணாமல் போகும்.

பேச்சு அதிகம் இழுபடுவது காப்புரிமையில்தான். வாரக்கணக்கில் வாதாடிக் களைத்தபின் “சரி, கூட்டு உரிமை” என்று முடிப்பார்கள். முடிந்ததுபோல் தோன்றும், முடியாது. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 50ஆம் பிரிவின்படி, வேறு ஏற்பாடு எழுதாவிட்டால், கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் மற்றவருக்குக் கணக்குச் சொல்லாமல் கண்டுபிடிப்பைப் பயன்படுத்தலாம். மற்றவர் இசைவின்றி மூன்றாமவருக்கு உரிமம் தர முடியாது. கம்பெனிக்குத் தொழிற்சாலை இருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளும். பல்கலைக்கழகத்துக்கு உரிமம் விற்பதே ஒரே வழி, அதற்குக் கம்பெனியின் தலையசைப்பு வேண்டும். ஆகவே பயன்பாட்டுத் துறை, நாடு, உரிமப் பங்கு, விண்ணப்பச் செலவு யாருடையது என்பதையெல்லாம் அப்போதே எழுதிவிட வேண்டும். உரிமையைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொண்டு, கம்பெனிக்குக் குறித்த காலத்துக்கு முதல் தேர்வுரிமை (உரிமம் வேண்டுமா என்று மற்றவருக்கு முன் முடிவு செய்யும் உரிமை) தருவது இதைவிடச் சுத்தமான வழி. இரு தரப்பிடமும் முன்பே இருந்த அறிவுசார் சொத்தை இணைப்பில் பட்டியலிடாவிட்டால் பழைய மென்பொருளும் புதிய முடிவோடு போய்விடும்.

மென்பொருளை எழுதிக் கொடுக்கும்போது கம்பெனியும் கவனிக்க வேண்டியது ஒன்று: பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவின்படி, காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் 5 ஆண்டுக்குத்தான், எல்லை குறிப்பிடாதது இந்தியாவுக்குள்தான்.

வெளியீட்டுக்கு முன் கம்பெனி படித்துப் பார்க்க 30 நாள், காப்புரிமை விண்ணப்பத்துக்காக மேலும் 60 நாள் என்ற அளவு நியாயமானது. ‘எழுத்துமூல அனுமதி பெற்ற பின்பே’ என்றிருந்தால் முனைவர் பட்ட ஆய்வேடு கம்பெனியின் கைக்குள் போய்விடும். மறுபுறம், விண்ணப்பத்துக்கு முன் வெளியான ஆய்வேடு காப்புரிமைக்குத் தேவையான புதுமையைக் கெடுக்கும். காப்புரிமைச் சட்டம் 31ஆம் பிரிவு தரும் 12 மாதச் சலுகை, அறிஞர் அவையில் வாசித்த கட்டுரை போன்ற சிலவற்றுக்கே. எனவே முதலில் தற்காலிக விண்ணப்பம், பிறகு ஆய்வேடு.

கையெழுத்திடுவது பதிவாளரோ, அதிகாரம் பெற்ற முதன்மையரோ (டீன்). ஒப்பந்தத்தின் தரப்பு பல்கலைக்கழகமே. பேராசிரியர் ‘படித்தறிந்தேன்’ என்று தனியே ஒப்பமிடுவார். துறையின் லெட்டர்ஹெட்டில் அவரே கையெழுத்திட்டு அனுப்பிய தாளை வைத்துக்கொண்டு நிதிப்பிரிவு திட்டக் கணக்கு திறக்காது.