தாத்தாவின் தோல் வாருக்கு எண்ணெய் போடாதீர்கள்

தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு அக்கா நெகிழிப் பையோடு வந்தார். "எங்க வீட்டு பாம் ஷெல்டர்ல பழைய டிரங்குப் பெட்டி இருந்துச்சு தம்பி. சுத்தம் பண்ணும்போது இது கிடைச்சது. ரொம்பக் காய்ஞ்சு போயிருந்துச்சு, தேங்காய் எண்ணெய் தடவிக் கொண்டாந்துட்டேன்" என்றார். உள்ளே ஒரு துப்பாக்கியின் தோல் வார், ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவருடைய தாத்தா வைத்திருந்ததாம்.

பழம்பொருள்களைப் பாதுகாப்பதுதான் என் தொழில். இந்தத் தேங்காய் எண்ணெயை நான் பார்ப்பது இது முதல் தடவை அல்ல. அன்போடு செய்கிறார்கள், அதனால்தான் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது.

அக்காவிடம் நான் முதலில் கேட்டது, "துப்பாக்கியும் இருக்கிறதா?" இல்லை என்றார். இருந்திருந்தால் அந்த நிமிடமே பேச்சு வேறு. சிங்கப்பூரில் அனுமதி இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் சிறை, பிரம்படி. தாத்தாவுடையது என்பது ஒரு விலக்கு ஆகாது. அதோடு, பழைய ரைஃபிளின் அறைக்குள் ஒரு தோட்டா மாட்டிக்கொண்டே இருக்கலாம். வீட்டிலோ, தோட்டம் தோண்டும்போதோ துப்பாக்கி, தோட்டா, குண்டு எது கிடைத்தாலும் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், காரில் வைத்து எங்கும் கொண்டு போகாதீர்கள். தள்ளி நின்று 999-க்கு அழையுங்கள்.

சரி, வாருக்கு வருவோம். விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். பித்தளைக் கொக்கியைச் சுற்றி மெழுகு மாதிரிப் பச்சைக் களிம்பு. தோலில் உள்ள கொழுப்பு அமிலம் செம்பைத் தின்பதால் வருவது இது. புதிதாக எண்ணெய் தடவினால் களிம்புக்குத் தீனி போட்டது போலத்தான். மடிப்புகளில் செங்கல் பொடி போலச் சிவந்த தூள், தொட்டால் விரலில் ஒட்டுகிறது. மரப்பட்டையில் பதனிட்ட தோல், காற்றிலுள்ள கந்தக வாயு அமிலமாக மாறுவதால் பல ஆண்டுகளில் இப்படி உதிரும். உதிர்ந்ததைத் திரும்பக் கொண்டுவர எந்த மருந்தும் இல்லை. ஆல்கஹாலில் கரைத்த ஒருவகை செல்லுலோஸ் பசையை மெல்லத் தடவி, இருப்பதை நிறுத்தி வைக்கலாம், அவ்வளவுதான். எண்ணெய் ஊறிய இடத்தில் அந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது.

நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். காற்றோட்டமில்லாத பாம் ஷெல்டர், எண்ணெய் பூசிய தோல், நெகிழிப் பை மூன்றும் சேர்ந்தால் பூஞ்சணத்துக்கு விருந்து. பூஞ்சணம் பிடித்திருந்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள். முதலில் உலரட்டும். அப்புறம் முகக்கவசம் போட்டுக்கொண்டு மென்மையான தூரிகையால் தட்டுங்கள். கேமரா வைக்கிற டிரை கேபினெட் வீட்டில் இருந்தால் ஈரப்பதத்தை 50 விழுக்காட்டில் வைத்து, வாரை மடிக்காமல் நீளமாகக் கிடத்துங்கள். மடிக்கத்தான் வேண்டும் என்றால் வளைவுக்குள் அமிலமில்லாத தாளை உருட்டி வையுங்கள்.

உரிமத்தோடு செயலிழக்கச் செய்த ரைஃபிள்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. வாரை ரைஃபிளிலேயே மாட்டி வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், தொட்ட இடத்தில் இரும்பு துருப்பிடிக்கும். மணல்தாள், வினிகர், புதுக் கருநீல மெருகு மூன்றும் வேண்டாம். மதிப்பு முழுக்க முத்திரையில் இருக்கிறது. பிரிட்டிஷ் ரைஃபிளான லீ-என்ஃபீல்டில் பின்கட்டை சேரும் இடத்து இரும்பில் கிரீடம், தொழிற்சாலை, ஆண்டு இருக்கும். போல்ட் கைப்பிடியின் எண்ணும் உடலின் எண்ணும் ஒன்றா என்று பார்ப்போம். ஜப்பானிய ரைஃபிளான அரிசாகாவில் 16 இதழ்ச் செவ்வந்தி முத்திரை. பலவற்றில் ஜப்பான் சரணடைந்தபோது அதைத் தேய்த்து அழித்தார்கள். அந்தத் தேய்ப்பும் சரித்திரம்தான், அதை மெருகேற்றி மறைத்துவிடக் கூடாது.

வாரும் பேசும். இங்கே போரிட்ட பிரிட்டிஷ், இந்தியப் படைகளின் ரைஃபிள்களில் பெரும்பாலும் பருத்தி நாடா வார்தான். ஜப்பானியருடையது தோல், போரின் கடைசியில் ரப்பர் பூசிய துணி. ஆனால் 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்த பிறகு ஆயுதங்கள் கை மாறின. இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க்கில் இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். 1943-இல் நேதாஜி வந்த பிறகு, மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த நம் பெண்கள் இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படையில் ரைஃபிள் தூக்கினார்கள். ஆகவே வாரை மட்டும் பார்த்து இன்னார் தோளில் கிடந்தது என்று நான் எழுதித் தருவதில்லை. தாத்தா என்ன சொன்னார், யாரிடம் சொன்னார் என்பதைக் கேட்டு எழுதிக்கொள்வேன். அந்தத் தாள் வாரோடு சேர்ந்தே இருக்க வேண்டும்.

அக்காவின் வாரில் தொழிற்சாலை குத்திய துளைகள் வட்டமாக, ஒரே வரிசையில் இருந்தன. அவற்றுக்கு அப்பால் இன்னொரு துளை, கோணலாக, ஓரம் கிழிந்து. ஆணியால் யாரோ குத்தியது. வாரை நான்கு விரல் குறுக்கி மாட்டியிருக்கிறார்கள். கொக்கி அழுந்திய தழும்பு அந்தத் துளையில்தான் ஆழமாக இருந்தது.

"தாத்தா குட்டையா இருப்பாங்களா?" என்று கேட்டேன்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. "தாத்தா ஆறடி. பாட்டிதான் குட்டை" என்றார்.

குறிப்பேட்டில் அதை அப்படியே எழுதி, தேதி போட்டு, அவரிடம் கையெழுத்து வாங்கினேன்.