கொன்ட்ராக்சர்: சுருக்கமா, குறுக்கமா?

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர், தம் டயக்னோசிஸ் கார்டை விரித்துக் காட்டி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டார். மலைச்சரிவில் உருண்டு வந்த கல் பட்டுக் கணைக்கால் எலும்பு முறிந்ததையும், பின்னர் ஏற்பட்ட கொம்பார்ட்மென்ட் சிண்ட்ரோமையும், அதன் விளைவான கொன்ட்ராக்சரையும் கார்டு குறித்திருந்தது. கொன்ட்ராக்சரைத் 'தசைச் சுருக்கம்' என்று சொன்னேன். "சுருங்கினது எண்ணெய் போட்டு நீவினா விரிஞ்சிரும்தானே?" என்றார். நான் தெரிந்தெடுத்த சொல் பிழையானது என்பதை அந்தக் கேள்வி உணர்த்தியது.

கொம்பார்ட்மென்ட் என்பது பிரித்து வகுக்கப்பட்ட பகுதி. முழங்காலுக்குக் கீழுள்ள தசைகள், எளிதில் விரிந்துகொடுக்காத உறைகளால் நான்கு அறைகளாகப் பிரிந்திருக்கின்றன. சுவரைப் பங்கிட்டு நிற்கும் லயத்துக் காம்பராக்களை நினைத்தால் அமைப்பு விளங்கும். முறிவாலோ நசுங்கலாலோ ஓர் அறைக்குள் இரத்தம் கசிந்து தசை வீங்கும்போது, சுவர் இடம் தராததால் உள்ளழுத்தம் ஏறி, நுண்ணிய குழாய்களில் குருதியோட்டம் நின்றுபோகிறது. அடிபட்ட அளவுக்கு மீறிய வலியும், விரல்களை அசைத்து நீட்டும்போது கூடும் வேதனையும் இந்தக் கொம்பார்ட்மென்ட் சிண்ட்ரோமின் முதல் அறிகுறிகள். உறையை உடனே கீறித் திறந்துவிடாமல் ஆறு மணித்தியாலம் அளவில் கடந்தால், தசை மீளாதபடி இறக்கத் தொடங்குகிறது.

இறந்த தசையின் இடத்தைத் தழும்பு நார் பிடித்துக்கொண்டு, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இறுகிக் குறுகுகிறது. இந்த நிலையே கொன்ட்ராக்சர். ஜெர்மனியின் ஹாலே நகர அறுவை மருத்துவர் ரிச்சர்ட் வொன் வோல்க்மன் 1881இல் இதனை விவரித்தபோது, மிக இறுக்கிக் கட்டிய கட்டுகளைக் காரணமாகக் காட்டினார். முறிவுக்கு மூங்கில் பத்தை வைத்து இறுக்கும் வழக்கமுள்ள நம்மவர்க்கு அது இன்றும் பொருந்தும் எச்சரிக்கை.

சொல்லின் வேர், 'சேர்த்து இழு' என்னும் பொருளுடைய லத்தீன் வினை. ஊரில் "நரம்பு இழுத்துக்கிச்சு" என்கிறார்களே, அது வேருக்கு வியக்கத்தக்க அளவு நெருக்கமானது. ஆயினும் இழுப்பு என்ற பெயர் வலிப்புக்கும் மூச்சுத் தொல்லைக்கும் உரியதாகிவிட்டது. முடக்கம் என்றால் முடக்குவாதம் நினைவுக்கு வருகிறது. சுருக்கமோ உயிருள்ள தசை வேலை செய்யும்போது நிகழ்வது. சுருங்கிய தசை மறுகணம் தளரும். கொன்ட்ராக்சர் தளர்வதில்லை.

ஆகவே 'குறுக்கம்' என்பதே தகுந்த சொல் என்பது என் துணிபு. இரண்டு மாத்திரை ஒலிக்க வேண்டிய ஐகாரம் சொல்லின் இடையிலும் கடையிலும் ஒரு மாத்திரையாகக் குறைவதை ஐகாரக்குறுக்கம் என்று இலக்கணம் சொல்கிறது. இயல்பான நீளத்தை இழத்தல் என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே தெளிவாக நிற்கிறது. குருதி தடைப்பட்டதால் வந்ததைக் குறிக்கக் 'குருதித்தடைத் தசைக் குறுக்கம்' எனலாம்.

அக்காவின் வலது செருப்பு முன்புறம் தேய்ந்து காகிதம்போல் இருந்தது. குதிப்பகுதியில் வாங்கிய நாளின் வரிகள் அழியவில்லை. காலின் பின்புற ஆழ்ந்த அறை பாதிக்கப்பட்டால் குதி நிலத்தில் பதியாது, விரல்கள் பறவை நகம்போல் வளைந்து மடங்கும், கெண்டைச்சதை சூம்பும். முன்னறை கெட்டால் பாதம் தொங்கும். நரம்பும் சேர்ந்து பட்டுப்போனால் உணர்வு மரத்து, கவ்வாத்து வெட்டிய குச்சி உள்ளங்காலில் ஏறியதுகூடத் தெரியாது. தொடக்கத்தில் பிசியோதெரபியும், பாதத்தை நேராகத் தாங்கும் பட்டையும் குறுக்கம் கூடாமல் காக்க உதவும். முற்றிய பின்னர் தசைநாணை நீட்டும் சத்திரசிகிச்சை தேவைப்படலாம்.

கார்டின் பின்புறத்தில் அவருக்காக இப்படி எழுதிக் கொடுத்தேன்: 'வலது காலில் தசைக் குறுக்கம். நீவினால் நீளாது. கிளினிக் திகதியைத் தவறவிட வேண்டாம்.'