பலகைக்கும் சுவருக்கும் நடுவே 3 மில்லிமீட்டர்

பூசி முடித்த சுவர் வெறும் கண்ணுக்குத் தட்டையாகத்தான் தெரியும். அதன் அடியில், தரையை ஒட்டி ஓடும் ஸ்கர்ட்டிங் பலகையை நிறுத்தியதும் குட்டு வெளிப்பட்டுவிடும். பலகையின் மேல் விளிம்பு நேர்கோடு. சுவர் அப்படி இல்லை. கரணையை மூலைக்குள் முழுதாக ஓட்ட முடியாததால் அங்கே கலவை தேங்கித் தடித்திருக்கும். தரையோரம் பூச்சு எட்டாமல் பாதியில் நின்றிருக்கும். இடையில் விழும் 3 மி.மீ. சந்துக்குள் நிழல் புகுந்து கறுப்புக் கோடாகிவிடுவதால், தூரத்திலிருந்தே அது கண்ணில் உறுத்தும்.

எனவே அறுப்பதற்கு முன் அளக்க வேண்டும். பலகையின் மேல் விளிம்பு வரும் உயரத்தில் 2 மீட்டர் மட்டக்கோலைச் சுவரோடு ஒட்டி வைத்து, மேலிருந்து டார்ச் அடித்தால் கோலுக்குக் கீழே வெளிச்சம் கசியும் இடமெல்லாம் பள்ளம். ஒவ்வொன்றின் ஆழத்தையும் நீளத்தையும் சுவரிலேயே பென்சிலால் எழுதிவிடுங்கள். பலரும் ஆழத்தை மட்டும் பார்க்கிறார்கள். உண்மையில் வேலையைத் தீர்மானிப்பது நீளம்தான்.

ஒரு பலகையைக் குறிப்பிட்ட அளவு வளைக்கத் தேவைப்படும் விசை, அது தாங்கி நிற்கும் இரு முனைகளுக்கு இடையிலான நீளத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. நீளம் பாதியானால் விசை 8 மடங்கு. 2 மீட்டர் நீளப் பள்ளத்துக்குள் பலகையை 3 மி.மீ. இழுக்க ஒரு திருகே போதும். அதே 3 மி.மீ. பள்ளம் 40 செ.மீ. நீளத்துக்குள் இருந்தால் 125 மடங்கு விசை வேண்டும். முடுக்க முடுக்க, திருகைப் பிடிக்கச் சுவர்த்துளையில் செருகிய ப்ளக் பூச்சைப் பெயர்த்துக்கொண்டு வருமே தவிர, பலகை அசையாது. தடிமனுக்கும் மும்மடிக் கணக்குதான்: 18 மி.மீ. பலகை 12 மி.மீ. பலகையைவிடச் சுமார் 3.4 மடங்கு விறைப்பானது. அலைஅலையான சுவருக்கு மெல்லிய பலகையே நல்லது.

ஆக, நீண்ட பள்ளமென்றால் திருகால் இழுக்கலாம். குட்டையான பள்ளத்தில் இழுக்கவே கூடாது. திருகு விழும் இடத்தில் பலகைக்குப் பின்னால் ஆப்பு வைத்து நிறுத்திவிட்டு, மேல் சந்தை அக்ரிலிக் சீலண்ட்டால் அடைக்க வேண்டும். அதிலுள்ள நீர் ஆவியாகும்போது சீலண்ட் சுருங்கும். 3 மி.மீ.க்கு மேல் அகலமான சந்தில் அது குழிவிழுந்து விரிசல் விடும் என்பதால், அங்கே சுவருக்குத்தான் பட்டி போட்டு நிரவ வேண்டும். மேடென்றால் உளியால் பூச்சைச் சீவுங்கள். பலகையின் மேல் விளிம்புக் கோட்டுக்குச் சற்றுக் கீழேயே நிறுத்திக்கொண்டால் சீவிய இடம் பின்னால் மறைந்துவிடும். தூசுக்கு முகமூடி கட்டாயம்.

தரையோரம் பூச்சு எட்டாத இடத்தில் இன்னொரு வம்பு இருக்கிறது. அங்கே திருகைத் தாழ்வாகப் போட்டு முடுக்கினால் பலகையின் அடி உள்ளே போய், பூச்சின் விளிம்பை நெம்புபுள்ளியாக்கிக்கொண்டு தலை வெளியே எழும்பும். பூச்சின் தடிமனுக்கே ஒரு ரீப்பரை (மெல்லிய மரச்சட்டம்) அடியில் பொருத்திவிட்டால் இது நடக்காது.

தரை ஏற்றஇறக்கமாக இருந்தால் பலகையை ஆப்புகள்மேல் தூக்கி ரசமட்டத்தில் நிறுத்துங்கள். கவராயத்தை மிகப் பெரிய சந்தின் அளவுக்கு விரித்து, கூர்முனை தரையிலும் பென்சில் பலகையிலுமாக ஓட்டினால் தரையின் வடிவம் பலகையில் பதியும். ஓட்டும்போது கவராயம் செங்குத்தாகவே இருக்க வேண்டும். சாய்ந்தால் கோடு பொய் சொல்லும். ரம்பத்தைப் பின்பக்கமாகச் சற்றுச் சாய்த்து அறுத்தால் முன்விளிம்பு மட்டும் தரையைத் தொடும், இழைக்கவும் எளிது.

உள்மூலையில் இரு பலகைகளையும் 45 டிகிரியில் வெட்டிச் சேர்ப்பது வீண். சுவர்மூலை 90 டிகிரியாக இருப்பது அபூர்வம். மரமும் நாருக்குக் குறுக்கே பல சதவீதம் சுருங்கும், நார்வாக்கில் 0.1 முதல் 0.2 சதவீதம்தான். அதனால் வெட்டின் கோணமே மாறி மூட்டு வாய் பிளக்கும். முதல் பலகையைச் சதுரமாக வெட்டிச் சுவரில் முட்டவிடுங்கள். இரண்டாவதன் முனையை, முதல் பலகையின் முகப்பு வடிவத்துக்கே மெல்லிய வளைவு ரம்பத்தால் செதுக்கி அதன்மேல் உட்காரவையுங்கள். மூலை 88 ஆனாலும் 92 ஆனாலும் இந்த மூட்டு மூடியே இருக்கும். வெளிமூலைக்கு மட்டும் கோணத்தை அளந்து பாதியாக்கி, அதை 90-இலிருந்து கழிக்க வேண்டும், ஏனென்றால் ரம்பத்தின் அளவுகோலில் சதுர வெட்டுதான் 0: 92 டிகிரி மூலைக்கு ரம்பத்தில் 44 வைக்க வேண்டும், 46 அல்ல.

கதவைச் சுற்றி, நிலைக்கும் சுவருக்கும் இடையிலான சந்தை மறைக்கும் மரப்பட்டையான பீடிங்கில் சிக்கல், நிலையும் பூச்சும் ஒரே மட்டத்தில் இல்லாததால் வருகிறது. பீடிங் 70 மி.மீ. அகலம், நிலை பூச்சைவிட 4 மி.மீ. வெளியே நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிவிளிம்பைச் சுவரோடு அழுத்தி ஆணி அடித்தால் பீடிங் 3 டிகிரி சாயும், 18 மி.மீ. தடிமன் இருந்தால் மேல்மூலை மூட்டு முகப்பில் ஏறத்தாழ 1.5 மி.மீ. பிளக்கும். நிலையை இழைக்கலாம், அல்லது பீடிங்குக்குப் பின்னால் ரீப்பர் கொடுக்கலாம். இரண்டும் முடியாதபோது, அதே சாய்வு வரும்படி பீடிங்கின் கீழே சிறு ஆப்பை வைத்து ரம்ப மேசையில் 45 டிகிரியில் வெட்டினால், தேவையான கூட்டுக்கோணம் (இரு திசையிலும் சாய்ந்த வெட்டு) தானாக விழும். பூச்சு வெளியே நின்றால் பீடிங் மறைக்கும் அகலத்துக்குள் அதைச் சீவுவதே சுலபம்.

பீடிங்கை நிலையின் விளிம்போடு சமமாக வைக்காமல் நிலையின் விளிம்பு 5 மி.மீ. தெரியும்படி உள்வாங்கி வையுங்கள். சமமாக வைத்த இடத்தில் அரை மில்லிமீட்டர் பிசகுகூடத் தெரியும், 5 மி.மீ. படியில் தெரியாது. கதவோரம் சுவிட்சுக்குப் போகும் மின்கம்பி சுவருக்குள் செங்குத்தாக ஓடும். அங்கே ஆணியோ துளையோ போடுமுன் அது எங்கே இருக்கிறதென்று பார்த்துவிடுங்கள்.